ஸ்டெபனிக்குக் குறைந்த இரண்டு பாடங்கள்

வோபர்ன், ஸ்காபரோ, கனடா
9.2.2025

அன்புத் தம்பி சீமோனுக்கு,

அண்ணன் இக்னேசியஸ் எழுதுவது. இதை ரீச்சர் எழுதித் தரவில்லை. பேத்தி ஸ்டெபனியும் எழுதவில்லை. நானே எழுதுகிறேன். எழுபத்து நான்கு வயதில் என்னுடைய முதல் கடிதம். வியாழக்கிழமை தொடங்கினேன். இன்று பூசைக்குப் போய்வந்து முடிக்கிறேன். உன் இடுப்பு நோ குறைந்ததா? எனக்குச் சீனி கொஞ்சம் ஏறியிருக்கிறது. மற்றப்படி அந்தோனியார் புண்ணியத்தில் குறை இல்லை.

நூலகத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் நடக்கும் தமிழ் வகுப்புக்கு ஒரு வருடமாகப் போகிறேன். ஹரிப்ரியா ரீச்சர் கோயம்புத்தூர்ப் பிள்ளை. போன கிழமை என் கொப்பியைப் பார்த்து, "அங்கிள், உங்க எழுத்து எல்லாம் ஒரு பக்கமா சாயுதே" என்றாள். "பிள்ளை, காத்தடிச்சா வள்ளம் சாயத்தானே செய்யும்" என்றேன். வகுப்பே சிரித்தது.

இப்போது பெரிய செய்தி. அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மா வந்து ஸ்டெபனியின் உதைபந்தாட்டத்தைப் பார்த்தா. இவள் கோல் காத்த விதம் பிடித்துவிட்டதாம். தங்கள் கல்லூரிக்கு எடுக்கிறார்களாம். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. புருசன் விட்டுப்போன பிறகு என் மகள் ரதி அஜக்ஸில் கோழி வெட்டும் கொம்பனியில் பத்து வருடமாக நின்றபடி வேலை செய்கிறாள். அந்தச் செய்தி கேட்டபிறகு குசினிக் கதிரையில் இருந்துகொண்டு எழும்பவே இல்லை.

நீ பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்தவன். பிழைகளைச் சிவப்பு மையால் குறித்து அனுப்பு. எனக்கு வெட்கம் இல்லை.

அன்பு அண்ணன்,
இக்னேசியஸ்

---

ஸ்ரௌவ்வில்
17.2.2025

மதிப்புக்குரிய அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். சிவப்பு மையை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். நீங்கள் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். உங்கள் கடிதத்தைத் திருத்துவதற்கு எனக்குக் கை வரவில்லை.

இடுப்பு அப்படியேதான். மகன் மிதுனனும் மருமகளும் காலை ஆறரைக்குக் காரில் போய்விடுவார்கள். இங்கே பஸ் இல்லை, கடை இல்லை, நடப்பதற்குப் பனி விடாது. உங்களுக்கும் எனக்கும் இடையில் முப்பது கிலோமீற்றர்தான். எங்கள் பாசையூரிலிருந்து பருத்தித்துறை இதைவிடக் கிட்ட இருந்தது போல் தோன்றுகிறது. போனில் எனக்குக் காது கேட்பதில்லை. ஆகவே எழுதுங்கள்.

ஸ்டெபனியின் செய்தி என் நெஞ்சை நிறைத்தது. போன வருடம் பிள்ளை முழங்கால் முறிந்து கிடந்தபோது கணிதத்திலும் இரசாயனவியலிலும் நாற்பதுக்கு இறங்கிவிட்டாள். சொந்தக்காரி சுபாங்கியின் பிள்ளையின் ஞானஸ்நான விருந்தில் நீங்கள் என்னிடம் யோசனை கேட்டீர்கள். "ரெண்டு பாடத்தையும் இப்ப விடச்சொல்லுங்கோ, பன்னிரண்டு முடிச்சு இன்னொரு வருஷம் இருந்து எடுக்கட்டும்" என்று சொன்னேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேரை அப்படி இரண்டாம் முறை இருத்தி மருத்துவபீடத்துக்கு அனுப்பினேன்! முதல் முறை பழக்கத்துக்கு, இரண்டாம் முறைதான் சித்தியடைவதற்கு. வரும் வருடம் இரண்டையும் எண்பதுக்கு மேல் எடுத்துக்கொண்டு 2026இல் அமெரிக்கா போகட்டும்.

என்றும் உங்கள்,
சீமோன்

---

வோபர்ன்
12.3.2025

அன்புத் தம்பிக்கு,

உன் சுகத்துக்கு மன்றாடுகிறேன். இங்கே ஒருவருக்கும் சுகம் இல்லை.

பயிற்சியாளர் அம்மா நேற்றுப் போன் எடுத்தா. பாட அறிக்கை கேட்டா. ரதி சந்தோசமாக, இரண்டு பாடம் மிச்சம் இருக்கிறது, அடுத்த வருடம் நல்ல புள்ளியோடு முடிப்பாள் என்று ஸ்டெபனியைச் சொல்லச் சொன்னாள். பிறகு அந்த அம்மா நெடுநேரம் கதைத்தா. ஸ்டெபனியின் முகம் மாறியது.

"என்னவாமடி?"

"அம்மா, க்ளொக் நிக்காதாம்."

"என்ன க்ளொக்?"

அங்கே கல்லூரி விளையாட்டுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அவர்கள் சொல்லும் பதினாறு முக்கிய பாடங்களையும் ஒன்பதாம் வகுப்புத் தொடங்கிய நாளிலிருந்து நான்கு வருடத்துக்குள் முடிக்க வேண்டுமாம். கால் முறிந்தாலும் விட்டாலும் அந்த நான்கு வருடம் ஓடிக்கொண்டே இருக்குமாம். ஸ்டெபனிக்கு அது வருகிற ஜூனில் முடிகிறது. அவளிடம் பதினாலுதான் இருக்கிறது. ஜூனுக்குப் பிறகு எடுக்கும் பாடங்களில் ஒன்றை மட்டும்தான் கணக்கில் சேர்ப்பார்களாம். இன்னுமொரு வருடம் இருந்து எடுப்பதற்குப் பெறுமதி இல்லையாம்.

"எங்கட ஊரில மூண்டு தரம் எடுத்தவையும் டொக்டரா இருக்கினம் எண்டு சொல்லடி அவவுக்கு!" என்று ரதி கத்தினாள். ஸ்டெபனி அதை மொழிபெயர்க்கவில்லை.

தம்பி, படிப்பு விசயம் உனக்குத்தான் தெரியும். என்ன வழி? உடனே எழுது.

அண்ணன்,
இக்னேசியஸ்

---

வோபர்ன்
24.3.2025

அன்புத் தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. தபால்காரர் வரும் நேரம் வாசலில் நிற்கிறேன். சுகமில்லாமல் இருக்கிறாயோ என்று பயம்.

இரசாயனவியலை ஜூலை விடுமுறை வகுப்பில் எடுக்கலாம். அதுதான் அவர்கள் சேர்க்கும் அந்த ஒன்று. கணிதத்தை ஜூனுக்குள் முடிக்க வேண்டும். மாலை வகுப்பு ஒன்று இருக்கிறது, ஆனால் இடம் இல்லையாம். யாராவது விலகினால் பார்க்கலாம் என்றார்கள். அதனால் நான் தினமும் மூன்று மணிக்கு பஸ் ஏறி அந்தப் பள்ளிக் கந்தோருக்குப் போய் வாங்கில் குந்திக்கொண்டு இருக்கிறேன். ஹரிப்ரியா ரீச்சர் ஒரு கடதாசித் துண்டில் ஆங்கிலத்தில் என் காரியத்தை எழுதித் தந்தாள். அதை யன்னல் கண்ணாடிக்கு முன்னால் பிடிப்பேன். அங்கே வேலை செய்யும் பிள்ளை இப்போது துண்டைப் பார்ப்பதில்லை. என்னைக் கண்டவுடன் இல்லை என்று தலையை ஆட்டுகிறாள். ஆறு நாள் ஆகிவிட்டது.

இன்னொன்று. பள்ளிக்கூடம் ரதியிடம் சொன்னதாம், போன வருடம் பாடத்தை விடும் படிவத்திலேயே ஆசிரியர் எச்சரிக்கை எழுதியிருக்கிறார், வீட்டிலிருந்து கையொப்பமும் வந்திருக்கிறது, ஆகவே பிழை தங்களுடையது அல்ல என்று. ரதி ஒன்றிலும் கையொப்பம் வைக்கவில்லை. "என்ர கையெழுத்தைக் கள்ளமா வச்சனீயோ?" என்று ஸ்டெபனியைக் கேட்டாள்.

"ஓம், நான்தான்" என்றாள் ஸ்டெபனி.

ரதி அவளை அடித்துவிட்டாள். பதினேழு வயதுப் பிள்ளையை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஒரு வரியாவது எழுது.

அண்ணன்,
இக்னேசியஸ்

---

ஸ்ரௌவ்வில்
3.4.2025

மதிப்புக்குரிய அண்ணைக்கு,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நான் சுகம். இடுப்புக்குப் புதிய மருந்து தந்திருக்கிறார்கள், வயிறு எரிகிறது. பனி கரைந்து பின்வளவில் சேறு. மிதுனன் வேலி போடப்போகிறான்.

ஸ்டெபனி விசயம் கவலைக்குரியது. சட்டம் என்றால் சட்டம்தான். பிள்ளை தாயின் கையொப்பத்தை வைத்தது பெரும் பிழை. என் சேவைக் காலத்தில் அப்படியான பிள்ளைகளை இரண்டு கிழமை இடைநிறுத்துவோம்.

உங்கள் சீனியைக் கவனியுங்கள். பாகற்காய் நல்லது.

என்றும் உங்கள்,
சீமோன்

---

வோபர்ன்
7.4.2025

தம்பி சீமோனுக்கு,

ஸ்டெபனியை அப்படி எழுதாதே. அவள் வைக்கவில்லை. நான் வைத்தேன்.

இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. போன வருடம் ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை. வகுப்புக்குப் போகத் தொடங்கி மூன்று மாதம். என் பெயரைப் பார்க்காமல் எழுத வந்துவிட்டது. அன்று ரீச்சர் கைதட்டினாள். வீட்டுக்கு வந்தேன். ஸ்டெபனி ஊன்றுகோலோடு வந்து ஒரு படிவத்தை மேசையில் வைத்தாள். "அம்மப்பா, அம்மா வந்தோண்ண உந்தப் படிவத்தைக் குடுங்கோ, சைன் பண்ண வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

நான் அந்தப் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு கோடு இருந்தது, பெயருக்கு. கலியாணப் பதிவிலிருந்து கனடாக் கடதாசி வரை எனக்குப் பதிலாக மற்றவர்கள் எழுதினார்கள். ஒரு கோடு எனக்காகக் காத்திருந்தது போல இருந்தது தம்பி. பேனையை எடுத்து எழுதினேன், ஒவ்வொரு எழுத்தாக. கோட்டுக்கு வெளியே போகவில்லை. எழுதியதைக் கண்டு நான் தனியே சிரித்தேன்.

காலையில் ஸ்டெபனி கேட்டாள், "அம்மா பாத்தவவோ?" நான் "ஓம்" என்றேன்.

அந்தக் கோட்டுக்கு மேலேதான் ஆசிரியர் பேனையால் மூன்று வரி எழுதியிருந்தாராம். அமெரிக்காவில் விளையாடும் எண்ணம் இருந்தால் பாடத்தை விட வேண்டாம், நான்கு வருடக் கணக்கு உண்டு, எனக்குப் போன் எடுங்கள் என்று. எனக்கு அது கோடும் கீறலும்.

பள்ளிக்கூடத்துப் பிரதியில் தமிழில் என் பெயர் இருக்கிறது. ஸ்டெபனி அதைப் பார்த்துவிட்டுத்தான் "நான்தான்" என்று சொல்லியிருக்கிறாள். என் முகத்தை அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ரதிக்கு எப்படிச் சொல்வது? நீ சொன்னபடி செய்கிறேன்.

அண்ணன்,
இக்னேசியஸ்

---

வோபர்ன்
30.4.2025

தம்பி சீமோனுக்கு,

உயிர்த்த ஞாயிறும் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மிதுனனுக்கு ஸ்டெபனி போன் எடுத்தாள். அப்பா நன்றாக இருக்கிறார், பின்வளவில் நிற்கிறார் என்றானாம். சந்தோசம்.

ரதிக்குச் சொல்லிவிட்டேன். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது சொன்னேன். ஒரு சப்பாத்து காலிலேயே இருந்தது.

"அப்ப அவளை நான் ஏன் அடிச்சனான்?"

நான் குனிந்து அந்தச் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தேன்.

"அவளை அடிக்கேக்க நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்களே அப்பா."

"ஓம் பிள்ளை."

எழும்பி ஸ்டெபனியின் அறைக்குப் போனாள். கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் நெடுநேரம் இருந்தார்கள். பிறகு ரதி வந்து உன்னைப் பற்றியும் ஒன்று சொன்னாள். அதை எழுத வேண்டியதில்லை.

மாலை வகுப்பில் கடைசிவரை இடம் கிடைக்கவில்லை. இருபத்திரண்டு நாள் இருந்தேன். கடைசி நாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை வெளியே வந்து எனக்கு ஒரு கோப்பி வாங்கித் தந்தாள். அப்போதே விளங்கிவிட்டது.

இனி ஒரே வழி, கணிதத்துக்குச் சங்கத்திடம் விலக்குக் கேட்பது. கல்லூரி கேட்டுக் கொடுக்கும். ஏன் இப்படி நடந்தது என்று வீட்டார் சத்தியக்கடதாசி எழுத வேண்டும். ஜூன் பத்துக்குள் போக வேண்டும். பயிற்சியாளர் அம்மா அதற்கு மேல் இடத்தை வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டா. எங்கள் வீட்டில் அப்படி எழுத ஆள் இல்லை. கேட்கிறேன்.

அண்ணன்,
இக்னேசியஸ்

---

ஸ்ரௌவ்வில்
12.5.2025

மதிப்புக்குரிய அண்ணைக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். கண்ணில் சிறிய உபாதை.

சத்தியக்கடதாசியை ஆங்கிலத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சாரம் இதுதான்: வீட்டில் பிள்ளைக்குப் பொறுப்பாயிருந்த பாட்டனார் எழுத வாசிக்கத் தெரியாத முதியவர், படிவத்தில் இருப்பது இன்னதென்று அறியாமல் அடையாளமிட்டார், எச்சரிக்கை தாய்க்கோ பிள்ளைக்கோ எட்டவில்லை, ஆகவே அவர்கள் குற்றமற்றவர்கள். இதைவிட வலுவாக எழுத முடியாது.

ஒரு விசயம். எழுத வாசிக்கத் தெரியாதவர் என்ற கடதாசியின் அடியில் கையெழுத்து இருந்தால் சந்தேகப்படுவார்கள். ஆகவே பெருவிரல் அடையாளம் வையுங்கள். வோபர்னில் சத்தியம் எடுக்கும் ஒருவர் இருக்கிறார், தியாகலிங்கம் என்று பெயர். நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

உங்களுக்கு இது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்காகத்தானே.

என்றும் உங்கள்,
சீமோன்

---

வோபர்ன்
20.5.2025

தம்பி சீமோனுக்கு,

கண் சுகமா?

நேற்று தியாகலிங்கத்தாரிடம் போனேன். விரலில் மை பூசினேன். வைத்தேன். அவர் ஒரு கடதாசித் துண்டு தந்தார், துடைத்தேன். பஸ்ஸில் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். வைத்ததுக்காக நான் வருந்தவில்லை. பத்து விரலையும் கேட்டாலும் வைப்பேன்.

ஆனால் அந்தக் கடதாசி போகவில்லை. கணினியில் ஏற்றும்போது ஸ்டெபனி வாசித்தாள்.

"அம்மப்பா, உது என்ன?"

"கையெழுத்துக்குப் பதில்."

"உங்களுக்கு எழுதத் தெரியும்தானே?"

"அண்டைக்குத் தெரியாது பிள்ளை."

"அண்டைக்கும் பேர் எழுதத் தெரியும். எழுதினபடியாத்தானே பிரச்சினை. உது பொய். நான் அனுப்ப மாட்டன்."

ரதி கத்தினாள். "அனுப்படி! உனக்கென்ன விசரே? பத்து வருஷம் நான் கோழி வெட்டினது உன்ர நியாயம் கேக்கவோ?" ஸ்டெபனியும் அழுதாள். அழுதுகொண்டே கடதாசியைத் திரும்ப வாசித்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"சின்ன அம்மப்பா சொல்லித்தானே நாங்கள் சப்ஜெக்ற் ரெண்டையும் விட்டனாங்கள். படிவம் வாறதுக்கு முதலே முடிவெடுத்தாச்சு. உதில அவற்ற பேரே இல்லை. ஏன்?"

உன்னை நான் கேட்கவில்லை. அவள் கேட்டதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

உண்மையான கடதாசி இருந்தால் அனுப்புகிறேன் என்கிறாள். ஜூன் பத்துக்கு இருபத்தொரு நாள் இருக்கிறது. தபால் மூன்று நாள் எடுக்கும்.

அண்ணன்,
இக்னேசியஸ்

---

ஸ்ரௌவ்வில்
6.6.2025

அண்ணை,

இதைத் தபாலில் போட நேரமில்லை. மிதுனன் வேலைக்குப் போகாமல் கொண்டு வருகிறான். நான் வரவில்லை. ரதியின் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் பலமில்லை.

எட்டுத் தரம் எழுதிக் கிழித்தேன். கண்ணுக்கு ஒன்றும் இல்லை, அது பொய். உங்கள் மார்ச் மாதக் கடிதம் வந்த அன்றே மிதுனனின் கணினியில் அந்தச் சட்டத்தைத் தேடி வாசித்தேன். இரண்டு பக்கம்தான். பிள்ளைகளுக்கு விளங்கும் ஆங்கிலம். போன வருடம் ஞானஸ்நான விருந்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து வாசித்திருக்கலாம். வாசிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருடம் உப அதிபராக இருந்தவனிடம் அண்ணன் வந்து கேட்கிறார், சுற்றி நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டே ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்த்துவிட்டேன். பிறகு, வாசிக்கத் தெரியாத உங்களின் மேல் எல்லாவற்றையும் எழுதி உங்களிடமே விரலும் வாங்கினேன்.

புதிய கடதாசி இரண்டு இருக்கிறது. ஒன்று என்னுடையது. என் பெயர், என் பதவி, நான் சொன்ன யோசனை, எங்கள் நாட்டில் இரண்டாம் முறை எடுப்பது வழக்கம் என்பதால் குடும்பம் என்னை நம்பியது, எல்லாம் இருக்கிறது. நேற்று ஸ்ரௌவ்வில்லில் சத்தியம் செய்து கையொப்பமிட்டேன். மற்றது உங்களுடையது. தமிழ் எழுதவும் வாசிக்கவும் தெரிந்தவர், ஆங்கிலம் வாசிக்க மாட்டார், தாய்க்குக் காட்டாமல் கையொப்பமிட்டார் என்று இருக்கிறது. ஸ்டெபனி உங்களுக்கு வாசித்துச் சொல்லட்டும். பிழை இருந்தால் வெட்டச் சொல்லுங்கள்.

இது முந்தியதைவிட வலுக் குறைந்தது. அவர்கள் மறுத்தால் பிள்ளை என்னை என்ன சொன்னாலும் சரி.

சீமோன்

---

வோபர்ன்
1.8.2025

அன்புத் தம்பி சீமோனுக்கு,

இடுப்பு எப்படி? எனக்குச் சீனி இறங்கியிருக்கிறது. பாகற்காய் சாப்பிடுகிறேன்.

உன் கடதாசியில் ஸ்டெபனி ஒரு சொல்லும் வெட்டவில்லை. கையொப்பம் வைத்த அன்றே அனுப்பினாள். ஐம்பத்து மூன்று நாள் பதில் இல்லை. அதற்குள் விடுமுறை வகுப்பில் இரசாயனவியலை எழுபத்து நான்கு புள்ளியோடு முடித்தாள். முடித்தும் ஒருவரும் சந்தோசப்படவில்லை. ரதி வேலையில் நிற்கும்போது ஒவ்வொரு மணித்தியாலமும் போன் எடுத்து "வந்ததோ?" என்று கேட்பாள். நான் "இல்லை" என்பேன். அவ்வளவுதான் எங்கள் கதை.

புதன்கிழமை வந்தது. முழு விலக்குத் தரவில்லை. குடும்பத்தாரின் பிழையான யோசனையை ஏற்கும் காரணமாக எடுக்க முடியாதாம். ஆனால் உண்மையை மறைக்காமல் எழுதியிருப்பதாலும் மற்றப் பாடங்களில் புள்ளி இருப்பதாலும் ஒரு பாதி தந்திருக்கிறார்கள். கல்லூரிக்குப் போகலாம். படிப்புச் செலவு கிடைக்கும். அணியோடு பயிற்சி எடுக்கலாம். முதல் வருடம் ஒரு போட்டியிலும் இறங்க முடியாது. இரண்டாம் வருடம் எப்படி என்பது அங்கே எடுக்கும் புள்ளியைப் பொறுத்தது. பயிற்சியாளர் அம்மா வரச்சொல்லிவிட்டா. ஆனால் வேறொரு கோல் காப்பாளரையும் எடுத்துவிட்டாவாம்.

ரதி இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஸ்டெபனி வாசித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அரை மணித்தியாலம் தண்ணீர் ஓடியது. நான் கதவுக்கு வெளியே நின்றேன். வெளியே வந்து, "என்ன அம்மப்பா, பாத்ரூமுக்கு லைனில நிக்கிறீங்களோ?" என்றாள். கண் சிவந்திருந்தது. "ஒரு வருஷம் கோல் போஸ்ற்றுக்குப் பின்னால நிண்டு பந்து பொறுக்குவன். அதுக்கு ஃப்ரீயாப் படிப்பு. நல்ல டீல்தானே?"

நான் மன்னிப்புக் கேட்டேன். "இப்ப வேண்டாம் அம்மப்பா, பிறகு கேளுங்கோ" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எனக்குப் பிழையாகப் படவில்லை.

இப்போது பெட்டி அடுக்குகிறாள். கோல் காக்கும் கையுறையை வைத்தாள். வெளியே எடுத்துக் கட்டிலில் போட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டைகளுக்கு மேலே வைத்து, பெட்டியின் மேல் ஏறி இருந்து பூட்டினாள்.

அடுத்த கிழமை சனிக்கிழமை, ஒன்பதாம் திகதி, ரதி காரில் கொண்டுபோய் விடுகிறாள். எட்டு மணித்தியால ஓட்டமாம். இந்தக் கடிதம் எழுதும்போது ரதி பின்னால் வந்து நின்று வாசித்தாள். குசினிக்குப் போய்விட்டு அங்கிருந்து சத்தம் போட்டாள்.

"ஆறு மணிக்கு வெளிக்கிடுறம் எண்டு சித்தப்பாவுக்கு எழுதுங்கோ. வாறதெண்டா அதுக்கு முதல் வரட்டும். பிந்தினா நிக்க மாட்டன்."

எழுதிவிட்டேன்.

அன்பு அண்ணன்,
இக்னேசியஸ்